ஜாதகம் பொருந்தாதபோது அனுப்பவும்

நான் எழுதுவதை இனி மனிதர்கள் யாரும் படிக்கப் போவதில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் எங்கள் மேனேஜர். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார்.

"மேடம், இந்த டாகுமென்ட் ஏஜென்டுக்கு. ஏஐதான் படிக்கும். ஸோ, வாக்கியம் அழகா இருக்கா, கமா சரியா இருக்கான்னு உக்காந்துட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க."

இத்தனை வருடமாக நான் எழுதிய கையேடுகளை மனிதர்கள் படித்துத் தள்ளிவிட்டார்களாக்கும். மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுவது என் தொழில். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கும் ஸ்லோகப் புத்தகத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அதற்கும். எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள், ஒருவரும் பிரிக்க மாட்டார்கள். பிறகு போன் செய்து, கையேட்டின் முதல் பக்கத்தில் இருப்பதையே கேட்பார்கள். ஆகவே படிக்கிற ஒரு ஜீவன் கடைசியில் கிடைத்திருக்கிறதே, அது மிஷினாக இருந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் கம்பெனி கிண்டி தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே இரும்பைச் சீவுகிறார்கள், மேலே நாங்கள் மெயில் அனுப்புகிறோம். தியாகராய நகர் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, அடையாறு பல் டாக்டரின் "உங்கள் பற்களைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது" எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு மெயிலுக்கும் அச்சு மாதிரி ஒரு டெம்ப்ளேட் தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் நிரப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். இதுவரை அந்தந்தக் கடை ஆட்கள் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இனிமேல் ஏஜென்ட் என்ற ஏஐ அதைச் செய்யும் என்று மேனேஜர் ஒரு மாநாட்டில் கேட்டுவிட்டு வந்தார். மாநாட்டுக்குப் போனவர்கள் சும்மா வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏஜென்ட் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் என்னென்ன டெம்ப்ளேட் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்கு டூல் என்று ஒரு சின்ன புரோகிராம் செய்தார்கள். செய்தவர் திருவல்லிக்கேணிக்காரர். கம்பெனியில் நான் மதிக்கிற ஒரே ஆள், ஏனென்றால் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"இது இன்னா பண்ணும்?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாது மேடம். இன்னா இன்னா டெம்ப்ளேட் கீதுன்னு ஏஜென்ட் கேக்கும். இது லிஸ்ட் குடுக்கும். பேரு, அதுக்குக் கீழ ஒரு வரி விளக்கம். உள்ள இன்னா எழுதிக்கீதுன்னு காட்டாது."

"அப்போ அந்த ஒரு வரியை வெச்சுத்தான் ஏஜென்ட் முடிவு பண்ணுமா?"

"அத்த வெச்சுத்தான். நீங்க இன்னா எழுதுறீங்களோ அதான் அதுக்கு வேதம்."

ஓட்டலில் சர்வர் மேஜைக்கு வந்து இட்லி, பொங்கல், வடை என்று ஒப்பிப்பாரே, அந்த வேலைதான் இந்த டூலுக்கு. சமைக்காது, பரிமாறாது. ஒப்பிக்கும். ஆனால் பொங்கலை வடை என்று ஒப்பித்தால் சாப்பிட வந்தவனுக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் மேனேஜர் கடைசி வரை புரிந்துகொள்ளவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

முதல் சோதனைக்கு அவர் பிடித்துவந்த வாடிக்கையாளர், மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு கல்யாணத் தகவல் மையம். வரன் தேடுகிறவர்கள் அங்கே பதிவு செய்வார்கள். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, பிறகு பிடித்தது பிடிக்கவில்லை என்று மையத்துக்குச் சொல்வார்கள். மையம் அதை மறு வீட்டுக்கு மெயிலில் தெரிவிக்கும். அந்த மையத்தில் என் தங்கையும் பதிவு செய்யப்பட்டிருக்கிறாள். செய்தது அம்மா.

தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடையாறில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முதல் கல்யாணம் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு நாள் சூட்கேஸோடு வந்து, "இனிமே அங்க போக மாட்டேன், காபி இருக்கா?" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த ஆர்ப்பாட்டம். மிச்ச ஆர்ப்பாட்டத்தை உறவுக்காரர்கள் செய்தார்கள். சில வருடம் கழித்து, மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது அம்மாவின் ஓட்டம்.

வருவார்கள், பார்ப்பார்கள், கேசரி சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். பத்து நாளில் மையத்திலிருந்து மெயில் வரும். ஜாதகம் பொருந்தவில்லை. இன்னொரு வீடு, இன்னொரு கேசரி, ஜாதகம் பொருந்தவில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் அம்மா ஒரு பரிகாரம் சேர்த்துக்கொண்டாள். சனிக்கிழமை எள் தீபம். செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்கு. திருநள்ளாறு ஒரு தடவை, காளஹஸ்தி ஒரு தடவை. இரண்டு முட்டியும் தேய்ந்த மனுஷி, நவக்கிரகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தங்கை முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால், "முதல்ல கிரகம் சரியாகட்டும், அப்புறம் முட்டி" என்பாள். ஜோசியர்கள் கொழித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அடையாறு வரன் வந்தது. அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். நாற்பதைத் தாண்டியவர், ஆடிட்டர், பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். இந்தக் கடைசித் தகுதி எவ்வளவு அரிது என்று பெண் பார்க்கும் படலத்தை நடத்தியவர்களுக்குத் தெரியும். தங்கையும் அவரும் தனியாக ஒரு ஓட்டலில் சந்தித்து இரண்டு ரவுண்டு காபி குடித்தார்கள். அவருடைய அம்மாவுக்கும் முட்டிவலியாம். உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளை இவள் நாப்கினில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கியிருந்தாள். அவள் பூ வாங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பதிலுக்காகக் காத்திருந்தோம்.

அந்த வாரம்தான் டெம்ப்ளேட்டுகளைப் பற்றிக் கேட்க நான் மையத்துக்குப் போனேன். அதை நடத்துகிற மாமி இரண்டு போன், ஒரு லேப்டாப், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன் சகிதம் உட்கார்ந்திருந்தார். நான் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது அவருடைய தொழில் தர்மம்.

சம்மதம் என்று சொல்ல அவரிடம் ஒரே ஒரு டெம்ப்ளேட்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு டஜன் இருக்கும். பையன் வெளிநாடு போகிறார். பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறோம். பெரியவர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. பூ வைத்துப் பார்த்தோம், சுவாமி உத்தரவு தரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று நம் பெரியவர்கள் தாராளமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தைத் தட்டிக் கழிக்கவும் அதே ஆயிரம்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

"நேரா வேண்டாம்னு எழுதினா என்ன மாமி?" என்றேன்.

"நன்னா கேட்டேள் போங்கோ! நாளைக்கு ரெண்டு குடும்பமும் கோவில்ல பாத்துக்கணும், சபாவுல பாத்துக்கணும், கறிகாய்க் கடைல பாத்துக்கணும். மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நாலு தெருவுக்குள் வாழ்கிறவர்கள். நிஜத்தைச் சொல்லிக்கொண்டால் யாரும் பிரதட்சிணம் செய்ய முடியாது.

"ஜாதகம் பொருந்தலைங்கறதை எப்போ அனுப்புவேள்?"

"ரெண்டாம் கல்யாணம்னா கண்ணை மூடிண்டு அதுதான். கிரகத்து மேல போட்டுட்டா யாருக்கும் மனஸ்தாபம் இல்லை பாருங்கோ."

"நிஜமாவே ஜாதகம் பொருந்தலைன்னா எதை அனுப்புவேள்?"

மாமி என்னைச் சிறு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நிஜமா பொருந்தலைன்னா பொண்ணு பாக்கவே வர மாட்டாளே! பொருத்தம் பாத்துட்டுத்தானேம்மா வரா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். இவ்வளவு எளிய கணக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கேசரி கிண்டுகிற அவசரத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இத்தனை கோயில் ஏறி இறங்கிய அம்மாவுக்குத் தோன்றியிருக்கலாம். அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாமி மேல், வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மேல், ஒன்பது கிரகங்கள் மேல்கூட.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஜாதகத்தில் ஒரு கோளாறும் இல்லை, அது வெறும் மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை, மையத்து மாமியே சொன்னார் என்றேன்.

அம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "போடி. ஒருத்தர் சொன்னா பொய்னு வெச்சுக்கலாம். இத்தனை பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றா. சொல்லி வெச்சுண்டா பொய் சொல்லுவா?"

அவர்கள் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது டெம்ப்ளேட் என்று எப்படிப் புரிய வைப்பது? அம்மாவுக்கு நாத்திகம் பேசும் பெரிய பெண் நான். என் சாட்சி செல்லாது.

சரி, மனிதர்களிடம்தான் முடியவில்லை, மிஷினிடமாவது உண்மையைச் சொல்வோம் என்று உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை. இந்த டூல் டெம்ப்ளேட்டுகளின் பட்டியலைத் தரும், எதையும் அனுப்பாது, பாதியில் நிற்கிற வரைவுகளைக் காட்டாது என்று டூலுக்கு விளக்கம். பிறகு ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் ஒரு வரி. 'ஜாதகம் பொருந்தவில்லை' என்பதற்குக் கீழே இப்படி எழுதினேன்: பெண்ணுக்கோ பையனுக்கோ முன்பு கல்யாணமாகியிருப்பதால் எதிர்த்தரப்பு மறுத்தால் இதை அனுப்பவும், ஜாதகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'வெளிநாடு போகிறார்' என்பதற்குக் கீழே, மாமி சொல்லியிருந்தபடியே: பெண்ணின் நிறமோ உயரமோ பிடிக்காவிட்டால் இதை அனுப்பவும். கடைசியில், எதுவுமே பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு மையத்து மனிதரைக் கேட்கவும் என்று எழுதி முடித்தேன்.

மேனேஜர் படித்துவிட்டு அலறினார்.

"மேடம்! இது க்ளையன்ட் கண்ல பட்டா என்ன ஆகும்? நிறம் பிடிக்கலைன்னு எல்லாம் எழுத்துல வைக்க முடியுமா? நம்ம கல்ச்சர் என்ன, நம்ம வேல்யூஸ் என்ன?"

"அவங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

"அவங்க சொல்லலாம். நாம எழுதக் கூடாது."

நம் கல்ச்சர் முழுவதையும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிட்டார். பிறகு என் எதிரிலேயே உட்கார்ந்து திருத்தினார். 'ஜாதகம் பொருந்தவில்லை' என்பதற்குக் கீழே 'ஜாதகம் பொருந்தாதபோது அனுப்பவும்' என்று அடித்தார். 'வெளிநாடு போகிறார்' என்பதற்குக் கீழே 'வெளிநாடு போகும்போது அனுப்பவும்'. எல்லாவற்றுக்கும் இப்படியே. பெயரைத் திருப்பிச் சொன்னால் அதுதான் விளக்கம் என்பது அவருடைய சித்தாந்தம். கடைசி வரிக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

"மனுஷனைக் கேக்கறதுக்கா நாம ஏஜென்ட் விக்கிறோம்?" என்று அதையும் அடித்தார். பட்டியலில் 'பொது' என்று ஒரு டெம்ப்ளேட் இருந்தது. சந்திப்பு நேரம் மாறியது போன்ற அறிவிப்புகளுக்காக மாமி வைத்திருந்தது, 'காரணம்' என்று ஒரு காலி இடம் விட்டிருக்கும். "எதுவும் பொருந்தாட்டி, பொது டெம்ப்ளேட்ல காரணத்தை நிரப்பி அனுப்பட்டும். சிம்பிள்."

"ஏஜென்ட் நீங்க எழுதினதை அப்படியே நம்பும் சார்," என்றேன்.

"அதுக்குத்தானே மேடம் அது ஏஐ," என்றார்.

நல்ல நேரம் பார்த்து ஏஜென்ட்டை ஓடவிட்டார்கள். ராகுகாலம் முடிந்து, மாமி சொன்ன முகூர்த்தத்தில், லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். நான் மைசூர்பாகைத் தின்றேன். மைசூர்பாகு என்ன பாவம் செய்தது.

இரண்டாம் நாள் காலை ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. மாமிதான். அவர் குரல் போனைத் தாண்டி லேத் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"என்னைத் தெருவுல நடக்க விடாம பண்ணிட்டேளே! ஒவ்வொரு ஆத்துலேருந்தும் போன் பண்ணித் திட்டறா!"

நடந்தது இதுதான். மறுப்புச் சொல்ல விரும்பிய வீட்டார் மையத்துக்கு எழுதும்போது உண்மையைத்தான் எழுதுவார்கள். மாமிதான் அதைப் படித்து, எடை போட்டு, ஏற்ற பொய்யைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார். இப்போது அந்த வேலைக்கு ஏஜென்ட் வந்துவிட்டது. அது பட்டியலைக் கேட்டது. டூல் ஒப்பித்தது. ஜாதகம் பொருந்தாதபோது அனுப்பவும். இவர்கள் ஜாதகம் பொருந்தியிருக்கிறதே, ஆகவே அது இல்லை. வெளிநாடு போகும்போது அனுப்பவும். பையன் பெரம்பூர்கூடப் போகவில்லை, ஆகவே அதுவும் இல்லை. எதுவும் பொருந்தாவிட்டால் பொது. காரணத்தை நிரப்பவும். ஏஜென்ட் பவ்யமாக, எழுதியவர்கள் வார்த்தையிலேயே காரணத்தை நிரப்பியது.

ஒரு வீட்டுக்குப் பெண் கறுப்பு என்று போனது. ஒரு வீட்டுக்கு, பையன் சாப்பிடும்போது சத்தம் வருகிறது என்று. இன்னொரு வீட்டுக்கு, சொந்த வீடு என்று சொன்னீர்கள், விசாரித்தோம், இல்லை என்று. மயிலாப்பூர் ஒரே காலைப்பொழுதில் உண்மையைத் தெரிந்துகொண்டது. அது தாங்குகிற ஊரா?

மேனேஜர் வியர்த்துப்போய் எல்லோரையும் கூப்பிட்டார். டாகுமென்ட் சரியில்லை என்று ஆரம்பித்தார். டூல் செய்த திருவல்லிக்கேணிக்காரர் குறுக்கிட்டார்.

"டூல் சரியாத்தான் ஓடிக்கினு கீது சார். டாகுமென்ட் மேடம் எழுதுனது ஒண்ணு, நீங்க திருத்துனது ஒண்ணு. இது ரெண்டாவது."

எனக்கு அப்போது வேறு நினைப்பு. அடையாறு வீட்டார் பதில் எழுதியிருப்பார்களா? எழுதியிருந்தால் என்ன எழுதினார்கள்? அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதா?

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் ஒரு கரெக்‌ஷன் மெயில் போகணும்," என்றார் மேனேஜர். "மேடம், நீங்க எழுதிடுங்க. டெக்னிகல் கோளாறால தவறான காரணம் வந்துடுச்சு, சரியான காரணம் ஜாதகம் பொருந்தலைன்னு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். அது ஒண்ணுதான் ஸேஃப்."

"நான் எழுத மாட்டேன் சார்," என்றேன். இத்தனை வருட உத்தியோகத்தில் அந்த வாக்கியத்தை நான் உபயோகித்தது அதுதான் முதல் தடவை. அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, எழுதச் சொல்லி ஏஐயிடமே கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். கோட்டூர்புரம் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, மிஷினை எல்லாம் விட்டுவிட்டு அந்த அடையாறு ஆடிட்டரை வாய்க்கு வந்தபடி மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இன்னும் அவர் என்ன சொன்னார் என்றே தெரியாது. முன்பணமாக இருக்கட்டும் என்று திட்டினேன்.

கதவைத் திறந்தவள் தங்கை. கிளினிக்குக்குப் போகவில்லை. கூடத்தில் போய் உட்கார்ந்து தன் போனை நீட்டினாள். மையத்தில் அம்மா கொடுத்திருந்தது தங்கையின் மெயிலும் தன்னுடைய மெயிலும் சேர்த்து. இரண்டுக்கும் வந்திருக்கிறது.

அன்புடையீர் என்று ஆரம்பித்து, காரணம் என்ற இடத்தில் அந்த வீட்டார் எழுதியது அப்படியே இருந்தது. "பையனுக்குப் பெண்ணை மிகவும் பிடித்திருக்கிறது. ஜாதகப் பொருத்தமும் பிரமாதம், பெண் ஜாதகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெண் ஏற்கெனவே ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவள். பையனின் தாயாருக்கு அதில் விருப்பமில்லை. பையனும் அம்மா சொன்னால் சரி என்று சொல்லிவிட்டான்." அதற்குக் கீழே, டெம்ப்ளேட்டில் வழக்கமாக வரும் முடிவு: தங்கள் இல்லத்தில் விரைவில் கெட்டிமேளம் ஒலிக்க வாழ்த்துகள்.

பையனும் ஒரு வீட்டில் ஒருத்தியோடு வாழ்ந்துவிட்டு வந்தவன்தான். அவன் வாழ்ந்தது கணக்கில் வராது. ஆண்பிள்ளை வாழ்ந்தால் அது அனுபவம்.

"பிடிச்சிருந்ததாம்," என்றாள் தங்கை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அம்மா சொன்னா சரியாம். நாற்பத்திரண்டு வயசு அக்கா."

"அந்த முட்டிப் பயிற்சிப் படத்தை நீ போட்டுக் குடுத்திருக்கவே கூடாது," என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"அம்மா பாத்துட்டாளா?"

"உள்ள உக்காந்து படிச்சுண்டிருக்கா. அரை மணியா வெளில வரலை. நீ போய்ப் பாரேன், எனக்குப் பயமா இருக்கு."

நான் நகர்வதற்குள் அம்மாவே வந்துவிட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மூக்குக்கண்ணாடி. அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். அழுதுதான் இருந்தாள், ஆனால் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அந்த மலர்ச்சியை அவள் முகத்தில் நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"பொருத்தம் பிரமாதமாம்டி," என்றாள். "குறை சொல்ல ஒண்ணுமே இல்லையாம். எழுதியே குடுத்திருக்கா பாரு."

"அம்மா, இது எங்க ஆபீஸ் மிஷின் அனுப்பினது. முழுசும் படிச்சியா? அதுக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கான்னு புரியறதா?" நான் கொஞ்சம் கத்தியே கேட்டேன்.

"புரியாம என்ன? வாழ்ந்தவளாம். சொல்லிட்டுப் போறா. வாயிருக்கு, சொல்றா." கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை நாளும் நான் பெத்த நேரம்தான் சரியில்லைன்னு நெனச்சுண்டிருந்தேன். இன்னும் அரை மணி பொறுத்துப் பெத்திருந்தா நட்சத்திரம் மாறியிருக்கும், இந்தக் குழந்தைக்கு இப்படி ஆயிருக்காதேன்னு நெனைக்காத நாள் இல்லை. நான் இவளை நல்ல நேரத்துலதான் பெத்திருக்கேன்."

மெயிலைப் படித்தபோது அழாத தங்கை அதைக் கேட்டு அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு பெண்ணை இன்னதற்காக வேண்டாம் என்று எழுதி அவமானப்படுத்தியதற்கு அவளைப் பெற்றவள் சந்தோஷப்படுகிற அளவுக்கு இவர்கள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களே என்று எனக்கு வயிறெரிந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அப்போது இரண்டு போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. எனக்கு என்னவென்று தெரியும். எட்டி அம்மாவின் போனை வாங்கப் பார்த்தேன். அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாக நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தாள்.

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக... எங்கள் முந்தைய மெயிலில்... தவறான காரணம் இடம்பெற்றுவிட்டது. சரியான காரணம்... ஜாதகம் பொருந்தவில்லை."

தங்கை நிமிர்ந்தாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அம்மா அதை மனதுக்குள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"காலம்பற நன்னாத்தானே இருந்தது," என்றாள். "அதுக்குள்ள அந்த மிஷினுக்கும் யாரோ சொல்லிக் குடுத்துட்டா, பாவம்."